அரிவாள் போல வளைந்த அணு

நீலகிரி மாவட்டம் கூடலூரில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் மாதம். ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்துச் சிறுமியின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களுக்கு நடுவே, கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைந்து சில. வெளியே பெஞ்சில் அந்தப் பிள்ளை முழங்கால் வலி தாங்காமல் அம்மா மடியில் சுருண்டு கிடந்தாள்.

அரிவாள் அணு நோய் (சிக்கிள் செல்) இது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது. இவ்வளவு வதைக்கும் மரபணு ஏன் அழியாமல் இருக்கிறது? பல நாள் என்னை உறுத்திய கேள்வி. 1954இல் அந்தோணி ஆலிசன் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்விலிருந்து பதில் சொன்னார். இந்த மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், மலேரியா உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போவது குறைவு. மலேரியா மண்டிய இடங்களில் அப்படிப்பட்டவர்கள் கூடுதலாகப் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள், மரபணுவும் தங்கிவிட்டது. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பது 1952லேயே தெரிந்த விஷயம்.

'வலியது வாழும்' என்று பரிணாமத்தை ஒரு வரியில் முடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இங்கே எது வலியது என்று தீர்மானித்தது கொசு.

அப்புறம் அந்தச் சிறுமியின் அம்மாவுக்கும் பரிசோதனை செய்தோம். “நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா சார்?” என்று கேட்டார்.

“இல்லைம்மா. உங்க பாட்டன் பூட்டனைக் காய்ச்சல்லேருந்து காப்பாத்தினது இது” என்றேன்.

ஃபோலிக் அமில மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.