‘இதுக்கு எதுக்குப்பா ஒரு ஆப்?’ – அடிக்கடி பறக்கிறவர்களிடம் யோசனை சொல்லப் போன அனுபவம்

ஆப் செய்கிறவர்கள் முதலில் நண்பர்களிடம்தான் காட்டுவார்கள். நண்பர்கள் “சூப்பர் மச்சி” என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நானும் என் கூட்டாளியும் பயணத்துக்கு ஓர் ஆப் யோசித்தபோது, விமானம் ஏறி ஏறிச் சலித்துப்போனவர்களிடம்தான் முதலில் போவது என்று பேசிவைத்துக்கொண்டோம். எதைச் சொன்னாலும் “இதெல்லாம் பார்த்தாச்சு தம்பி” என்று ஆரம்பிக்கிற ஆட்கள்.

மதுரையில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே உண்டு. கப்பலூர் சிட்கோ பேட்டையில் வண்டிகளுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்கிறவர்கள் புனேவுக்கும் டெல்லிக்கும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் வேலை பார்த்துக்கொண்டு வீட்டை அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ வைத்திருக்கும் ஐடி ஆட்கள் இருக்கிறார்கள். மருத்துவர்கள், ஜவுளி மொத்த வியாபாரிகள், சிங்கப்பூரில் பேரக்குழந்தைகள் உள்ள பாட்டிமார். தெரிந்தவர் மூலம் ஒருவர், அவர் மூலம் இன்னொருவர் என்று பிடித்தோம்.

எங்கள் யோசனை இதுதான். எங்கே டிக்கெட் போட்டாலும் எல்லாப் பயணமும் ஒரே இடத்தில் வரிசையாகத் தெரியும். விமானம் தாமதமானால் உடனே தகவல் வரும். அதோடு, மதுரையில் ஏறுவதா, திருச்சிக்குப் போய் ஏறுவதா, ரயிலே போதுமா என்று நேரத்தையும் செலவையும் ஒப்பிட்டுக் காட்டும். இந்தக் கடைசி அம்சத்தில் எங்களுக்குப் பெருமை அதிகம், ஏனென்றால் அது இந்த ஊரின் பிரச்சினை. பல நாடுகளோடு இந்தியா போட்டிருக்கும் விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் மதுரையின் பெயர் இல்லை. அதனால் சிங்கப்பூர், மலேசிய விமான நிறுவனங்கள் திருச்சியில் இறங்குகின்றன, இங்கே இறங்குவதில்லை. சென்னைக்குப் போக வேண்டும் என்றாலோ வைகை, தேஜஸ், வந்தே பாரத் என்று பகலிலேயே ரயில்கள் இருக்கின்றன. இதையெல்லாம் ஒரே திரையில் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது?

பெங்களூரில் மேலாளராக இருக்கும் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. முதல் ஸ்லைடு முடிவதற்குள்ளேயே நிறுத்தினார். “டிரிப்இட் தெரியுமா?” என்றார். தெரியும் என்றோம். “2006-ல் ஆரம்பிச்சது. டிக்கெட் மெயிலை ஃபார்வர்ட் பண்ணினா அதுவே அடுக்கிடும். 2011-ல் ஒரு பெரிய கம்பெனி வாங்கிடுச்சு. நீங்க இப்ப வந்து அதையே தமிழ்ல சொல்றீங்க.” நாங்கள் ஃபார்வர்ட் செய்யவே தேவையில்லை, ஜிமெயிலுக்கு ஒருமுறை அனுமதி கொடுத்தால் ஆப் தானாக எடுத்துக்கொள்ளும் என்றோம். அவர் சிரித்தேவிட்டார். “என் மெயிலைத் திறந்து உங்களுக்குக் காட்டணுமா? ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்.” அவர் சொன்னதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருந்தது. பயனர்களின் மெயிலைப் படிக்கும் அனுமதி கேட்கிற ஆப்களை கூகுள் வெளி நிறுவனம் ஒன்றின் பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்புகிறது. அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், செலவு நம் தலையில். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த அம்சத்தை எடுத்துப் போட்டோம்.

மருத்துவர் ஒருவரைப் பார்த்தது இன்னும் சுவாரஸ்யம். மாநாடு, வகுப்பு என்று மாதம் பலமுறை சென்னை வழியாகப் பறக்கிறவர். தாமத எச்சரிக்கை பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் போனை எடுத்து, பறக்கிற விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 ஆப்பைத் திறந்து மேஜையில் வைத்தார். “மதுரையிலிருந்து கிளம்புற பிளைட் எங்கேருந்து வருது? சென்னையிலேர்ந்து. வந்து இறங்கி அரை மணி நேரத்துல அதே பிளைட் திரும்பிப் போகுது. அங்கே அது இன்னும் தரையிலேயே இருந்தா, இங்கே எனக்கு லேட்டு. ஏர்லைன்ஸ் மெசேஜ் அனுப்புறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நான் இன்னும் ரெண்டு பேஷண்ட்டைப் பார்த்துட்டுக் கிளம்புவேன்.” சொல்லிவிட்டு, “உங்க ஆப் இதைவிட சீக்கிரமா சொல்லுமா?” என்று கேட்டார். சொல்லாது. அவர் பார்ப்பது விமானத்தை. நாங்கள் வாங்க நினைத்த தகவல் சேவை, நிறுவனம் அறிவித்த பிறகுதான் தாமதத்தைக் காட்டும். வரும் விமானத்தைத் தொடர்ந்து கணிக்கிற சேவைகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் காசு. பயனர் ஒருவருக்காக நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தால், அவர் தரும் சந்தா அதிலேயே கரைந்துவிடும்.

கே.கே. நகர் அம்மா ஒருவர் முறுக்கும் காபியும் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சிம்மக்கல்ல நம்ம டிராவல்ஸ் தம்பி இருக்கான். மகள்கிட்ட தேதி கேட்டு, அவனே திருச்சிக்குக் கார் முதக்கொண்டு போட்டுடுவான். ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணாலும் எடுப்பான். உன் ஆப்பு எடுக்குமாப்பா?” என்றார். மதுரையா திருச்சியா என்று ஒப்பிடும் அம்சத்துக்கு அங்கேயே முடிவு கட்டியாயிற்று. அந்த ஒப்பீடு தேவைப்படுகிற ஆட்களுக்கு அதைச் செய்துகொடுக்க ஏற்கெனவே ஒரு மனிதர் இருக்கிறார், அதுவும் இலவசமாக.

இடையில் கூட்டாளிக்கு இன்னொரு யோசனை வந்தது. விமானம் ரத்தானால் பயணிக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்து, அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்றான். ஐரோப்பாவில் இப்படி நிறுவனங்கள் நடக்கின்றன. அங்கே 2004-ஆம் ஆண்டு விதி 261-இன்படி தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு, நீண்ட தாமதத்துக்கும் கிடைக்கும். நம் ஊரில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ போட்ட விதி வேறு. தாமதத்துக்குக் காசு கிடையாது. காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்து சாப்பாடு, ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இன்னும் நீண்ட தாமதத்துக்குத் தங்க அறை, அவ்வளவுதான். சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடு உண்டு. ஆனால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. வானிலை போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் அதுவும் இல்லை. இதில் பங்கு எடுத்து ஆபீஸ் வாடகை கொடுக்க முடியாது. அந்த யோசனையை யாரிடமும் கொண்டுபோகவே இல்லை.

இந்தக் கட்டத்தில் ஸ்லைடு காட்டுவதை விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக, போய் உட்கார்ந்து, “கடைசியா பிளைட் விஷயத்துல எரிச்சலானது எப்போ? அப்போ என்ன செஞ்சீங்க? போனைக் காட்ட முடியுமா?” என்று மட்டும் கேட்டோம். அபிப்பிராயம் கேட்டால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். நடந்ததைக் கேட்டால் மறைக்க ஒன்றும் இருக்காது. என்னைக் கேட்டால், யோசனையை விவரிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

அப்படித்தான் கப்பலூருக்குப் போனோம். ரப்பர் புஷ், கேஸ்கெட் எல்லாம் செய்து வடக்கே அனுப்பும் தொழிற்சாலை. முதலாளி ஐம்பதைத் தாண்டியவர். அறைக்குள் நுழையும்போதே வெந்த ரப்பர் வாசனை கூடவே வந்துவிடும். அவரிடம் போனைக் காட்டச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் ‘ஏர்’ என்று ஒரு குழு, அதில் அவரும் அவருடைய கிளார்க்கும் மட்டும். டிக்கெட் பிடிஎஃப் எல்லாம் அதில்தான். “எனக்கு இதுவே போதும் தம்பி” என்றார். எரிச்சலானது எப்போது என்று கேட்டதற்கு யோசிக்காமல் மேஜை டிராயரை இழுத்தார். ரப்பர் பேண்ட் போட்ட போர்டிங் பாஸ் கட்டுகள். துண்டுத் துண்டாக, சிலது வெயிலில் எழுத்தே மங்கிப்போய் வெறும் வெள்ளைத் தாளாக. “ஆடிட்டர் பில்லு கேட்கிறாரு. நான் இதைக் கொடுத்தேன். இது பில்லு இல்லையாம்.”

அவருடைய கணக்குப் பிள்ளை ஓர் அக்கா. அவர் உள்ளே வந்ததும்தான் விஷயம் விளங்கியது. விமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு, எகானமி என்றால் ஐந்து சதவீதம். வியாபாரத்துக்காகப் பறந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அக்கா சொல்வது, “இன்புட் எடுக்கலாம்.” ஆனால் டிக்கெட் போடும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால்தான் விமான நிறுவனம் கம்பெனி பெயரில் வரி பில் போடும், அது மாதம் 14-ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர் 2பி என்ற வரவுப் பட்டியலில் தெரியும், 20-ஆம் தேதிக்குள் போடும் 3பி என்ற மாதக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். எண் கொடுக்கவில்லை என்றால் போனது போனதுதான்.

“டிராவல்ஸ்ல பில்லு தர்றாங்களே அக்கா?” என்றேன். அவர் ஒரு பில்லை எடுத்து என் முன்னால் வைத்து, பேனாவால் ஓர் இடத்தைச் சுட்டினார். அதில் இருந்த வரி முகவரின் சேவைக் கட்டணத்துக்கு மட்டும். டிக்கெட்டின் வரி அதில் இல்லை. அதற்கான பில்லை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆர் போட்டுத் தனியாக இறக்க வேண்டும். சீட்டுக்குக் காசு கொடுத்தால், கூடுதல் பெட்டிக்குக் கொடுத்தால், அதையும் கவனிக்க வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்தால் பில் தொகையைக் குறைத்துக் கிரெடிட் நோட் வரும், முன்பு எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். முதலாளி மட்டும் பறந்தால் பரவாயில்லை. தரப் பிரிவு இன்ஜினியர்கள் அவசரத்துக்குத் தங்கள் சொந்தக் கார்டில் டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு கம்பெனியில் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். அதில் எண்ணே இருக்காது.

நான் அந்த இடத்திலேயே காகிதத்தில் கணக்குப் போட்டேன். வரிக்குரிய தொகை 6,000 ரூபாய் என்றால் வரி 300. மாதம் இருபது டிக்கெட் என்றால் 6,000. முதலாளி எட்டிப் பார்த்தார். “வருஷத்துக்கு?” என்றார். 72,000. ஆப் என்று நாங்கள் வாயைத் திறந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

ஆனால் சந்தேகம் விடவில்லை. “இதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவாரே?” இந்தக் கேள்விக்குத்தான் நான் நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆடிட்டர் 2பி-யில் இருப்பதைப் பார்ப்பார். அதில் வராமல் போன டிக்கெட் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. யார் எப்போது பறந்தார்கள் என்ற பட்டியல் ஒரு பக்கம், 2பி மறுபக்கம், இரண்டையும் ஒட்டிப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். அந்தப் பட்டியல் எங்களிடம்தான் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு டிக்கெட் மெயிலும் கம்பெனிக்கென்று நாங்கள் கொடுக்கும் ஒரு முகவரிக்கு வந்துவிடும். பெங்களூர் மேலாளர் சொன்ன அதே ஃபார்வர்ட்தான். மெயில் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை என்பதால் இங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை.

அக்கா ஒரு நிபந்தனை போட்டார். எண் இல்லாமல் டிக்கெட் போட்டிருந்தால், மாதக் கடைசியில் சொல்லிப் பயனில்லை, அன்றைக்கே சொல்ல வேண்டும். அப்போதுதான் விமான நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்க, அல்லது இன்ஜினியரைத் திட்ட, நேரம் இருக்கும். முதலாளி வேறு நிபந்தனை போட்டார். மாதச் சந்தா எல்லாம் வேண்டாம், மீட்ட வரியில் பத்தில் ஒன்று தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒழுங்காக எண் போட்டு டிக்கெட் எடுக்கப் பழகிவிட்டால் மீட்க ஒன்றும் இருக்காது, எங்களுக்கும் வருமானம் இருக்காது. அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் மாதச் சந்தாவுக்கே ஒத்துக்கொண்டார், முதல் மூன்று மாதக் காசை அங்கேயே ஜிபே செய்தார். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. “நல்ல யோசனை, லான்ச் பண்ணும்போது சொல்லுங்க” என்கிறவரை நான் வாடிக்கையாளர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம் மறுபடியும் மற்றவர்களிடம் போனோம். பெங்களூர் மேலாளர், “எங்க கம்பெனிக்கு ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, சின்னக் கம்பெனிகளுக்கு ஓடும்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு அது. மருத்துவர் தன் கிளினிக் செலவுக் கணக்கைக் காட்டிச் சிரித்தார். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு, அதனால் அவரால் இன்புட் எடுக்க முடியாது. ஆளை விடுங்கள் என்றார். அதுவும் நியாயம்தான்.

எதிர்பாராத ஆள் சிம்மக்கல் டிராவல்ஸ்காரர். அவர் பிழைப்பில் கைவைக்க வருகிறோம் என்று நினைப்பார் என்று தயங்கித்தான் போனேன். மாடிப்படி ஓரம் சின்னக் கடை, இரண்டு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க விமான நிறுவனங்களின் பழைய காலண்டர்கள். நான் பாதி சொல்வதற்குள், “அண்ணே, மாசம் பத்தாம் தேதி ஆனா போதும். எல்லாக் கம்பெனி அக்கவுண்டன்ட்டும் எனக்குத்தான் போன். பழைய பிஎன்ஆர் எல்லாம் தேடி ஒவ்வொண்ணா பில்லு இறக்கிக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன். அதுக்கு யாரும் பத்து ரூபா தர்றதில்லை” என்று கொட்டித் தீர்த்தார். தன்னிடம் டிக்கெட் எடுக்கும் கம்பெனிகளின் ஜிஎஸ்டி எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் சில எண்கள் தவறு. ஓர் எழுத்து மாறினாலும் வரவு வேறு எங்கோ போகும், அல்லது எங்குமே போகாது. பதினைந்து இலக்கத்தில் கடைசி எழுத்து சரிபார்ப்புக்காகவே இருப்பதால், எண்ணை அடித்தவுடனே பிழையைக் காட்டிவிடலாம். கூட்டாளி அங்கேயே உட்கார்ந்து அதைச் செய்து காட்டினான். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்த பிறகுதான் டீயே சொன்னார்.

இப்போது எங்களுக்கு வரும் கம்பெனிகளில் பாதிக்கு மேல் அவர் மூலமாகத்தான். தனக்கென்று தனி லாகின் வேண்டும், பில் அனுப்பும்போது மேலே தன் கடைப் பெயர்தான் பெரிதாக வர வேண்டும், எங்கள் பெயர் கீழே சின்னதாக இருந்தால் போதும் என்கிறார். அடுத்த 14-ஆம் தேதிக்குள் அதை முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.