புதுசா சேர்ந்த நர்ஸுக்கு ஒரு நோட்டு

ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்த கையோடு ராமநாதபுரம் கடற்கரையோரம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். எந்த வார்டு, எந்த ஷிஃப்ட் என்று சொன்னார்கள். அடுத்து என்ன கற்றுக்கொள்ளலாம், என்ன படிக்கலாம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தவை, ஆள் துணையோடு செய்தவை, தனியாகச் செய்யக்கூடியவை என்று மூன்றாகப் பிரித்து, டியூட்டி முடிந்ததும் எழுதிவிடுவேன். ஐவி (நரம்பில் ஊசி) போடுவது, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது), ஈசிஜி எல்லாம் அதில் உண்டு. அவ்வப்போது இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். "அக்கா, சக்ஷன் இன்னும் தனியா செய்யல, ஐசியூ பக்கம் போடுங்க" என்று நோட்டைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

இந்த ஊரே கற்றுத்தரும் பாடங்களும் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து படகுகள் கடலுக்குப் போன சமயம், திருக்கை முள் குத்திய காலோடு ஒரு மீனவரைத் தூக்கி வந்தார்கள். வலியில் துடித்தார். பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் காலை வைக்க வேண்டும். நான் வாளியை நகர்த்தியதும் சிஸ்டர் தடுத்தார்: "முதல்ல நல்ல காலை வைக்கச் சொல்லு. குத்துன காலுக்கு வலியில சூடு தெரியாது, வெந்துரும்." கொஞ்ச நேரத்தில் மீனவரின் முகம் தெளிந்தது. அப்புறம் டாக்டர் முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார், டிடி ஊசி போட்டோம். அன்றைக்கு நோட்டில் முழுப் பக்கம் எழுதினேன்.

சான்றிதழ்களை முதல் வருடத்திலிருந்தே ஒரே ஃபைலில் வையுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பதிவைப் புதுப்பிக்க 5 வருடத்துக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். கடைசி வருடத்தில் ஓடினால் முடியாது. பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் 2 வருடம்தான் செல்லும். வகுப்புக்கு நான் மதுரைக்குத்தான் பஸ் ஏறுகிறேன், அதற்கேற்ப வார விடுமுறையை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுவேன்.

அரசு நர்ஸ் வேலைக்கான எம்ஆர்பி தேர்வுக்குப் படிப்பது நல்லதுதான். ஆனால் அதற்காக வார்டில் கற்பதை ஒத்திப்போடாதீர்கள். ஜிஎன்எம் முடித்தவர்கள் பட்டம் வாங்கும் போஸ்ட் பேசிக் பிஎஸ்சிக்கு 2 வருடம், அவசர சிகிச்சை டிப்ளமோவுக்கு 1 வருடம். கடலோரத்தில் வேலை செய்ய நினைக்கும் எனக்கு டிப்ளமோதான் முதலில். விண்ணப்பத்துக்கான பணி அனுபவச் சான்றிதழை இப்போதே எழுதிக் கேட்டிருக்கிறேன்.