நிலை வளைந்த படம்

மே 9, 2025
சோளகம் தொடங்கிவிட்டது. மெஷினில் கிடக்கிற துணியெல்லாம் புழுதி. மகள் முன் விறாந்தையில் நின்று தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

மே 10
அத்தனையிலும் ஒன்றைத்தான் போட்டாளாம். ஒரு மணித்தியாலத்துக்குள் நூறு லைக் வராவிட்டால் எடுத்துவிடுவாளாம். எண்பத்தொன்றில் நின்றுவிட்டது. எடுத்துவிட்டாள். இரவு புட்டு அப்படியே இருந்தது.

மே 12
எடுத்த படத்தை இன்றைக்கு என்னிடம் காட்டினாள். அவளாக வந்து காட்டியது எனக்குப் பெரிய விசயம், அதனால் வாயைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கதவு நிலையோடு சாய்ந்து நிற்கிறாள். என் கண் நிலையில் போய் நின்றுவிட்டது. அவளுடைய இடுப்பு இருக்கிற இடத்தில் நிலை உள்ளே வளைந்திருக்கிறது.

அந்த நிலையை எனக்குத் தெரியும். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் தந்த 550,000 ரூபாய் கூரையோடு முடிந்துபோய், என் காப்பு இரண்டையும் விற்றுப் போட்ட பாலைமர நிலை. மேசன் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தபோது இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

"நிலை ஏன் பிள்ளை வளைஞ்சிருக்கு?"

"அது அப்பிடித்தான் வரும் அம்மா. ஒருத்தரும் நிலையைப் பாக்கமாட்டினம்."

படம் திருத்துகிற செயலியில் இடுப்பை உள்ளே தள்ளும்போது பின்னால் இருக்கிறதும் சேர்ந்து போகுமாம். விரலால் தள்ளிக் காட்டினாள். கை அவ்வளவு பழகியிருக்கிறது. மூக்கையும் தள்ளினாள்.

இரவு அளவுக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். தைப்பொங்கலுக்குச் சட்டை தைக்க எடுத்தபோது இடுப்பு 26. போன கிழமை எடுத்தது 24. பரீட்சைப் படிப்பில் மெலிந்துவிட்டாள் என்று நினைத்து எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சை மார்ச்சில் முடிந்துவிட்டது.

மே 13
பிளவுஸ் தைக்க மூன்று பிள்ளைகள் வந்தார்கள். மூன்று பேரிடமும் போனில் ஒரே படம். "இடுப்பு இப்பிடி வரவேணும் அக்கா." நாடாவைச் சுற்றினேன். 29, 31, 27. இலக்கத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று ஒருத்தி கேட்டாள். முந்தி ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. இனி வாயால் சொல்லாமல் எழுதிக்கொள்ளப் போகிறேன்.

மே 15
சந்தியில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி கொடுத்தார்கள். மகளும் வந்தாள். சிரட்டையில் வாங்கி, குடிக்க முதல் படம் எடுத்தாள். சிரட்டையும் பாதி முகமும்.

நான் ஏசவில்லை. ஏசுவதற்கு எனக்கு என்ன தெரியும் என்று இருந்தது. 2009 போருக்குள் அவளுக்கு எட்டு மாதமும் சொச்சமும். அப்போது கஞ்சிக்கு வரிசையில் நின்றது நானும் என் தங்கை சின்னவளும். மாறி மாறி இவளைத் தூக்கிக்கொண்டு நின்றோம்.

பின்னேரம் அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா, இதுக்குத்தான் கூட வந்திருக்கு. முந்நூத்திப் பன்னிரண்டு." அவளுடைய முகத்தில் சந்தோசம் இல்லை. "எடுத்துவிடவா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. உப்பில்லாத கஞ்சிக்கு 312. எடுத்தாளோ விட்டாளோ தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

மே 18
முள்ளிவாய்க்கால் போய் வந்தோம்.

மே 21
சண்டை. போனைப் பறித்து அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன். "உங்கட காலத்தில இதொண்டும் இல்லை, உங்களுக்கு விளங்காது" என்றாள். எப்போது வந்தது இந்த லைக் என்று கேட்டேன். ஒரு ஆத்திரத்தில்தான் கேட்டேன். தம்பிக்காரனின் போனில் தேடிப் பார்த்து, பரீட்சைத் தாளுக்குப் பதில் எழுதுகிற மாதிரிச் சொன்னாள்: "பேஸ்புக் லைக் பட்டன், 2009 பெப்ரவரி 9."

பெப்ரவரி 9.

அப்போது நாங்கள் போருக்குள், தேவிபுரத்தில். கல்யாண ஆல்பம், சின்னவளின் சாமத்தியவீட்டுப் படங்கள், அம்மாவின் அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் உரப்பையில் சுற்றிப் பங்கருக்குள் வைத்துவிட்டு நடந்தது அந்தக் கிழமைதான். "பிறகு வந்து எடுப்பம் அக்கா" என்று சொன்னவள் சின்னவள். திரும்பப் போனபோது பங்கர் எது, குழி எது என்று தெரியாத மாதிரிப் புல் முளைத்திருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அரிசித் தூசி ஒட்டியிருந்தது. சீலையால் துடைத்துத்தான் கொடுத்தேன்.

மே 22
காலையில் இரண்டு பிளேன்டீ, அவ்வளவுதான்.

மே 27
இவர் இரணைமடுப் பக்கம் வயலுக்குத் தண்ணி கட்டப் போய் வரும்போது பாலைப்பழம் கொண்டுவந்தார். சட்டிக்குள் போட்டு எண்ணெய் தடவி வைத்தேன். பால் உதட்டில் ஒட்டும் என்று மகள் தொடவில்லை. கையெல்லாம் பிசுபிசுக்குமாம், போன் பிடிக்க முடியாதாம்.

சின்னவள் ஒரு படி பழத்தை ஒரு இருப்பில் தின்பாள். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு கதைக்க வராமல் "ம்ம் ம்ம்" என்று கையைக் காட்டுவாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த மூக்கு. நடுவில் சின்னதாக ஒரு மேடு, சுளிக்கும்போது மேட்டின் இரண்டு பக்கமும் கோடு விழும்.

இதை யாருக்குச் சொல்ல?

ஜூன் 2
ஒரு பொடியன் கொமென்ட் போட்டிருக்கிறான்: "மூக்கு முதல்ல வருது, ஆள் பிறகு வருது." முப்பது பேர் சிரித்திருக்கிறார்கள். மகன்தான் வந்து சொன்னான். அவள் சொல்லவில்லை. அறைக் கதவு பூட்டியிருக்கிறது.

ஜூன் 3
கிணற்றடியில் விழுந்துவிட்டாள். வாளியோடு. பக்கத்து வளவு மாமிதான் சத்தம் போட்டார். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. பிறஷர் குறைவு, இரத்தமும் குறைவு, சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் பிள்ளை இவளைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று இவளிடம் கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் கண்ணை எடுத்துவிட்டேன். "ஒண்டும் இல்லை" என்றாள். முதல் நாள்? அதுவும் இல்லை.

டொக்டர் ஏசவே இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் 1926க்கு எடுத்துக் கதைக்கலாம் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன், அளவு எடுக்க வருகிற பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று.

என்னிடம் நாடா இருந்தது. 26, 24 என்று என் கையாலேயே எழுதினேன். அரிசி விலை, பாண் விலை எல்லாம் கவனிக்கிறேன். பிள்ளை பட்டினி கிடக்கிறாள் என்று தெரியவில்லை. பசி எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருத்தியின் வீட்டில், அரிசி இருக்கிற வீட்டில். இதை எழுதிவிட்டு இரண்டு தரம் எழும்பிப் போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன்.

ஜூன் 4
கீரையும் முட்டையும் சாப்பிட்டாள். பாதி.

ஜூன் 6
மெல்பேர்ணில் இருந்து தம்பி எடுத்தான். அங்கே பதினாறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் இந்தக் கணக்குகள் வைத்திருக்கக் கூடாது என்று போன நவம்பரில் சட்டம் நிறைவேற்றிவிட்டார்களாம். வருகிற டிசம்பர் 10இல் இருந்து நடைமுறை. அவனுடைய மகளுக்குப் பதினாலு. வீட்டில் இப்போதே அழுகையாம்.

இன்னொன்றும் சொன்னான். பேஸ்புக்கில் வேலை செய்த பிரான்சஸ் ஹோகன் என்ற பெண் 2021இல் உள்ளே இருந்த ஆவணங்களை வெளியே கொண்டுவந்தாராம். அவர்களுடைய இன்ஸ்டகிராம் பற்றி அவர்களே ஆராய்ந்து எழுதி வைத்தது: தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருக்கிற பெண்பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு அந்த நோவை இது கூட்டுகிறது என்று. அவர்களுக்கே தெரிந்திருந்தது, அக்கா, என்றான் தம்பி. நான் பிளவுஸ் தைக்க வந்த மூன்று பேரை நினைத்தேன். இலக்கத்தைச் சொல்ல வேண்டாம் என்றவளை.

இங்கே சட்டம் வந்தாலும் மகளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. அவளுக்கு இல்லை.

ஜூன் 11
டவுனுக்கு நூல் வாங்கப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோ அண்ணையிடம் போனேன். சும்மா கேட்கிற மாதிரி மூக்கைக் கேட்டேன். அண்ணை மூக்கைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "போனை எவ்வளவு தூரத்தில பிடிக்கிறனீங்கள் பிள்ளை?" இவள் கையை மடக்கிக் காட்டினாள். ஒரு அடி, ஒன்றேகால். "லென்ஸுக்குக் கிட்ட இருக்கிறது பெரிசா விழும். முகத்தில கிட்ட இருக்கிறது என்ன? மூக்குத்தான். காது பின்னுக்கு, அதாலை சின்னனாப் போயிடும். இது உங்கட மூக்கு இல்லை, போன் செய்த மூக்கு."

பிறகு அவளை ஆறடி தள்ளி நிறுத்தி, பெரிய கமராவால் ஒன்று எடுத்துக் காட்டினார். கனநேரம் பார்த்தாள். "வேற ஆள் மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அது வேறு ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த ஆள். கையில் இருந்த நூல்பை கீழே விழுந்துவிட்டது.

அண்ணையின் நெகட்டிவ் எல்லாம் 2009இலேயே போய்விட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது.

ஜூன் 12
பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: "நான் ஆரை மாதிரி அம்மா?"
அப்பாவை மாதிரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 15
கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மாவுக்கு வைபர் எடுத்தேன். ஏ-9 பாதை திறந்த பிறகு 2003இல் வந்து நின்றவர். அந்த நேரம் கையில் சின்னக் கமரா இருந்தது. படங்கள் இருக்கும், நிலக்கீழ் அறையில் பெட்டிக்குள் இருக்கும், தேடிப் பார்க்கிறேன் பிள்ளை என்றார். பதினாறு வருடம் இதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று.

ஜூன் 17
வரவில்லை.

ஜூன் 20
வரவில்லை. நானும் இப்போது அடிக்கடி போனைத் திறந்து பார்க்கிறேன். இரவில் எழும்பியும் பார்க்கிறேன். மகள் இதைக் கவனித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 23
பெறுபேறு இந்தக் கிழமை என்கிறார்கள், அடுத்த கிழமை என்கிறார்கள். இவள் சாப்பிடுகிறாள், ஆனால் தட்டை முதலில் படம் எடுக்கிறாள். எடுத்துத் தொலையட்டும், சாப்பிட்டால் சரி.

ஜூன் 28
வந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கு.

படத்தைப் படமாக எடுத்து அனுப்பியிருக்கிறார். கிணற்றுக் கட்டில் அம்மா, நான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். ஓரத்தில் சின்னவள், பதினொரு வயது. யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற நேரத்தில் எடுபட்டிருக்கிறது. முகம் ஆடிப்போயிருக்கிறது. மூக்கு ஒரு நிழல். பின்னல் மட்டும் தெளிவு.

மெஷினில் இருந்தபடியே அழுதேன். மகள் வந்து பின்னால் நின்றாள். அப்போதுதான் சொன்னேன், இது ஆர் என்று, தூக்கிக்கொண்டு நடந்தது ஆர் என்று, நீ ஆரை மாதிரி என்று. மாத்தளனில் சின்னவளுக்கு நடந்ததைச் சொல்லவில்லை. அது மகளுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தெரியும்.

"சித்தியை நான் கிளியர் பண்ணித்தாறன் அம்மா" என்றாள். அதற்கும் ஒரு செயலி இருக்கிறதாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசையாக இருந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரையைத் திருப்பினாள்.

ஒரு பிள்ளை என்னைப் பார்க்கிறது. கண் பெரிசு, மா மாதிரி நிறம், மூக்கு கத்தியால் சீவின மாதிரி நேராக. கன்னம் பளபள என்று இருக்கிறது. இப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் பிறக்கவில்லை.

"இது அவள் இல்லை" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்லவில்லை. மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்னுடைய பழைய படம் ஒன்றை எடுத்தாள், பக்கத்தில் வைத்தாள். அதே மூக்கு. அவள் தள்ளித் தள்ளிச் செய்த அதே மூக்கு.

ஜூன் 29
இரண்டு பேரும் நேற்றைய கதையை எடுக்கவில்லை.

ஜூலை 1
பெரியம்மா அனுப்பியதை அப்படியே பெரிதாக்கக் கொடுத்தோம், எட்டுக்குப் பன்னிரண்டு. முகத்தைக் கொஞ்சம் துலக்கட்டுமா என்று ஸ்டூடியோ அண்ணை கேட்டார். நான் வாய் திறக்க முதல் மகள் சொன்னாள், "வேண்டாம் அண்ணை, ஆடினபடியே இருக்கட்டும்."

ஜூலை 4
பாலைப்பழம் முடிகிற காலம். கடைசிச் சட்டி. நாலைந்து தின்றாள். உதடு ஒட்டிக்கொண்டது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்து மூக்கைச் சுளித்தாளோ, தானாக வந்ததோ தெரியாது.

ஜூலை 5
திரும்பவும் புட்டுத் தட்டு அப்படியே இருக்கிறது. வயிறு சரியில்லை என்கிறாள். நம்பலாமா? நாடாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

ஜூலை 7
இன்றைக்கும் பெறுபேறு வரவில்லை. இரவு இரண்டு மணி. அவளுடைய கதவுக்குக் கீழே நீல வெளிச்சம்.