எம்.ஜி.பி. டப்பெட்: ஃபீலர் 15 என்றது, டயல் 21 என்றது

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யில் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்த ஏழாம் வால்வு ஒருவழியாக வாயை மூடிவிட்டது. அதற்கு முன், டப்பெட் இடைவெளியில் (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ரொக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே விடும் இடைவெளி) ஃபீலர் கேஜ் எனும் அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தால், வைக்க வேண்டிய 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) கச்சிதமாக நின்றது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் அதே டக் டக். கோளாறு கேஜிலும் இல்லை, ஸ்க்ரூவிலும் இல்லை, ரொக்கரின் நுனியில் இருந்தது.

ரொக்கர் தட்டித் தட்டி, வால்வுத் தண்டு படுகிற இடத்தில் தண்டின் அகலத்துக்கே ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. ஃபீலர் தகடு தண்டை விட அகலம். பள்ளத்துக்குள் இறங்காமல் இரண்டு கரைக்கும் மேலே பாலம் போலக் கிடக்கும். தகட்டின் தடிப்பு 15 தௌ, அதற்கு மேலே பள்ளத்தின் ஆழம், இரண்டும் சேர்ந்ததுதான் உண்மையான இடைவெளி. டயல் கேஜை (ஊசி அசைந்து அளவு காட்டும் கருவி) நிறுத்தி ரொக்கர் நுனியை மேலும் கீழும் ஆட்டியதும் 21 தௌ காட்டியது. சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு என்பதால் டயலின் காந்த அடி, கவர் உட்காரும் ஹெட் விளிம்பிலேயே நன்றாகப் பிடிக்கும். நுனியில் உள்ள ஒயிலைத் துடைத்துவிட்டு ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒயில் படலம் அரைத் தௌ, ஒரு தௌவை விழுங்கிவிடும்.

இந்தப் பள்ளம் இருக்கும்வரை ஃபீலர் வைத்து அட்ஜஸ்ட் பண்ணுவது வீண்வேலை. ரொக்கரின் மறுமுனையில், தள்ளுகம்பி தொடும் இடத்தில் உள்ள ஸ்க்ரூவின் சுற்றைக் கணக்கிட்டு வைப்பதே சரி. ஸ்க்ரூ 5/16 அங்குல யு.என்.எஃப். (நுண்மரை), அங்குலத்துக்கு 24 மரை. ஒரு முழுச் சுற்றுக்குத் தள்ளுகம்பிப் பக்கம் 41.7 தௌ நகரும். ரொக்கர் விகிதம் சுமார் 1.4, ஆகவே வால்வுப் பக்கம் ஏறக்குறைய 58 தௌ. 15 தௌ வேண்டுமென்றால் கால் சுற்று. இதைவிட வசதியான கணக்கு இந்த எஞ்சினில் வேறெங்கும் கிடையாது. தள்ளுகம்பியை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே ஸ்க்ரூவை இறக்குங்கள். கம்பி விரலில் லேசாக இறுகத் தொடங்கும் இடம்தான் பூச்சியம். ஸ்க்ரூவின் வெட்டு நிற்கும் திசையை வெள்ளை பெயின்டால் குறித்து, அங்கிருந்து 90 பாகை திரும்பி வாருங்கள். பிறகு டயல். 14.5க்கும் 15.5க்கும் இடையில் வந்தால் விட்டுவிடலாம்.

வந்த அளவைக் குலைப்பது ஸ்க்ரூவை அசையாமல் பிடிக்கும் லொக்நட். நட்டை இறுக்கும்போது இரண்டு விஷயம் ஒன்றுக்கொன்று எதிராக நடக்கிறது. மரையில் இருக்கும் ஆட்டத்தை நட் மேலே இழுத்துக்கொள்வதால் இடைவெளி கூடும். அதே நேரம் நட் ஸ்க்ரூவையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும், அப்போது இடைவெளி குறையும். ஆகவே நட்டை முழுக்கத் தளர்த்தக் கூடாது. ஸ்க்ரூ கனமாகச் சுற்றும் அளவுக்குக் கடிக்கவிட்டு அட்ஜஸ்ட் பண்ணினால் மரை ஆட்டம் முதலிலேயே ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், கடைசி இறுக்கலில் அளவு அசையாது. ஸ்க்ரூ டிரைவர் வெட்டின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். நட்டுக்கு அரை அங்குல ரிங் ஸ்பனர். கொழும்பில் செட்டாகக் கிடைப்பதெல்லாம் மெட்ரிக்தான், 13 மி.மீ. மாட்டும், ஆனால் 0.3 மி.மீ. ஆட்டத்தில் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். ஃபீலரிலும் இதே தொல்லை. மெட்ரிக் செட்டில் 0.38 இருப்பதில்லை, 0.35ம் 0.40ம்தான் இருக்கும். அங்குலச் செட் தேடி வாங்குங்கள், வாங்கினால் ஒயில் துணியில் சுற்றி வையுங்கள். கடற்கரைப் பக்கம் வீடென்றால் தகட்டில் துரு ஏறி அளவே மாறிவிடும்.

எஞ்சினைச் சுற்றுவது பற்றி ஒரு வார்த்தை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் காரை நாலாம் கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ள இடம் இல்லை. கிராங்க் நட்டுக்குக் கை போவதும் கஷ்டம். முன் சில்லு இரண்டுக்கும் இருபுறமும் கட்டை கொடுத்து, பின் சில்லு ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டு, பிளக் நாலையும் கழற்றி, நாலாம் கியரில் போட்டுச் சில்லைக் கையால் முன்பக்கமாக உருட்டினால் போதும். டிஃப் (பின் அச்சின் டிஃபரென்ஷியல்) விகிதம் 3.909. மற்றச் சில்லு தரையில் நிற்பதால் அது பாதியாகும், சில்லின் ஒரு சுற்றுக்குக் கிராங்க் 1.95 சுற்று. சில்லு ஒருமுறை சுற்றி வரும்போது எட்டு வால்வும் ஏறக்குறைய முடிந்துவிடும். எந்த வால்வை எப்போது வைப்பது என்பதற்கு, கூட்டினால் ஒன்பது வரும் விதி வழமைபோல: எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றை வைக்க வேண்டும், ஆறு திறந்திருக்கும்போது மூன்றை.

ஏழாம் வால்வின் சத்தத்துக்காகக் கவரைத் திறந்ததில் கிடைத்த பெரிய லாபம் நாலும் ஐந்தும். இரண்டும் சத்தமே போடவில்லை. அளந்தால் நாலு 10 தௌ, ஐந்து 11. இவை எக்ஸோஸ்ட் வால்வுகள். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை நடுவில் ஒரே துவாரத்தால் வெளியேறுவதால் அதிகம் சுடும் இடம். இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நின்றது. கடின சீட் (வால்வு அமரும் இடத்தில் வைக்கும் கடினமான வளையம்) போடாத பழைய ஹெட்டில் அதற்குப் பிறகு எக்ஸோஸ்ட் சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து, வால்வு மேலே ஏறி, இடைவெளி தானாகச் சுருங்குகிறது. முழுதாகச் சுருங்கினால் வால்வு சீட்டில் அமராது, சூட்டை ஹெட்டுக்குக் கடத்தாது, விளிம்பு கருகிப் போகும். சத்தம் போடும் டப்பெட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது சத்தம் குறைந்துகொண்டே போகும் எக்ஸோஸ்டைப் பற்றி. நாலையும் ஐந்தையும் 15க்குக் கொண்டுவந்தாயிற்று. 1500 கிலோமீற்றரில் திரும்ப அளக்க வேண்டும். மறுபடி இரண்டு தௌ குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றிக் கடின சீட் போடுவது தவிர வழியில்லை.

ரொக்கர் நுனியைத் தேய்த்து மட்டமாக்கலாம் என்று ஒர்க்‌ஷொப்பில் சொல்வார்கள். கடினப்படுத்திய தோல் மெல்லியது, அதைத் தாண்டினால் புதுப்பள்ளம் முன்னதை விட வேகமாக விழும். மாற்றுவதே மேல். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் எம்.ஜி. என்று கேட்டால் கையை விரிப்பார்கள். மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் என்று கேட்டுப் பாருங்கள், அதே பி சீரிஸ் எஞ்சின் குடும்பம். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினும் அதே வம்சம்தான், சென்னையிலிருந்து வருபவர்களிடம் சொல்லி வைக்கலாம். கழற்றிய ரொக்கரைக் கையில் கொண்டுபோய் நீளம், புஷ் விட்டம், ஒயில் துளை மூன்றையும் ஒப்பிட்ட பிறகே காசு கொடுங்கள்.

ரொக்கரை மாற்ற, ரொக்கர்கள் கோர்த்திருக்கும் ஷாஃப்டைக் கழற்றுவது ஒரு முழுநாள் வேலை. ஷாஃப்டைத் தாங்கும் பெடஸ்டல்களின் நட்டுகளில் நாலு, ஹெட்டைப் பிடிக்கும் நட்டுகளும்கூட என்பதால் ரேடியேற்றர் தண்ணீரை இறக்கி, ஹெட் நட்டுகள் அத்தனையையும் வரிசைப்படி தளர்த்த வேண்டும். திரும்ப இறுக்கும்போது ஹெட்டுக்கு 50 இறாத்தல்-அடி, பெடஸ்டலின் சிறிய நட்டுக்கு 25. பிறகு டப்பெட் எட்டையும் புதிதாக வைக்க வேண்டும். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் 82 பாகை தெர்மோஸ்டற்றை எடுத்துவிட்டு, சூடான நாடுகளுக்கென்று கொடுத்த 74ஐப் போடும் திட்டமும் இருக்கிறது.

இப்போதைக்குக் கவர் மூடியாகிவிட்டது. கோர்க் கஸ்கெட்டைக் கவரில் மட்டும் ஒட்டி, ஹெட் பக்கம் கிறீஸ் தடவுங்கள், அடுத்த தடவை கிழியாமல் வரும். கவர் நட்டுக்கு 4 இறாத்தல்-அடி போதும். ஒழுகுகிறதென்று மேலும் இறுக்கினால் கோர்க் பிதுங்கி இன்னும் ஒழுகும். பின்பக்க மூலையில் கொஞ்சம் கசிவு தெரிகிறது. ஷாஃப்டைக் கழற்றும்போது புதுக் கஸ்கெட் போட்டுப் பார்க்க வேண்டும்.