ஒழுகுதுங்களா தம்பி?

எங்கள் வீட்டு ஓனர் ஐயா காலையில் என்னைப் பார்த்தால் "சாப்டாச்சுங்களா தம்பி?" என்றுதான் கேட்பார். போன ஆடியில் அந்தக் கேள்வி மாறியது. பல் விளக்கிக்கொண்டே போர்ட்டிகோவுக்கு வருவார், குனிந்து என் காருக்கு அடியில் பார்ப்பார், நிமிர்ந்து, "ஒழுகுதுங்களா தம்பி?" தினமும், ஒரு நாள் விடாமல்.

ஒழுகியது. அதுவும் அவங்க வீட்டம்மா தினமும் கோலம் போடும் இடத்துக்கு ஒன்றரை அடி தள்ளி. ஒரு நாள் காரைக் கொஞ்சம் முன்னால் நிறுத்தித் தொலைத்தேன். மறுநாள் அந்தம்மா எதுவும் சொல்லவில்லை. எண்ணெய்க் கறையையே நடுப்புள்ளியாக வைத்து அதைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கதை செட்டிபாளையத்தில் ஆரம்பிக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்து, கையில் பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்றையும் வைத்துக்கொண்டு, அங்கே இருக்கும் ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் போகாமல் இருக்க முடியாது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். நாலாவது சுற்றில் என் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் 130 டிகிரியைத் தாண்டியது. பக்கத்தில் இருந்த ஒரு புண்ணியவான், "ஆயில் கூலர் போடுங்க ப்ரோ" என்றார். அன்றைக்கு ராத்திரியே ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டேன்.

பெட்டி வந்தது. சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு கூலர். இஞ்சின் பிளாக்குக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவில் உட்காரும் சாண்ட்விச் பிளேட். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ். சிவப்பும் நீலமுமாக அலுமினிய ஃபிட்டிங்குகள், கல்யாண வீட்டு சீரியல் செட் கணக்காக.

"கார்லதான் ஏற்கெனவே ரேடியேட்டர் இருக்குதுங்களே?" என்றாள் வீட்டுக்காரி.

"அது தண்ணிக்கு. இது எண்ணெய்க்கு."

"அப்ப இனி ரெண்டும் ஒழுகும்" என்றாள். சாபமெல்லாம் இல்லை. சும்மா கணக்கு.

சாண்ட்விச் பிளேட்டோடு ரெண்டு நடு போல்ட் கொடுத்திருந்தார்கள். ஒன்று 20 மில்லிமீட்டர், மரைக்கு மரை ஒன்றரை மில்லி இடைவெளி. இன்னொன்று முக்கால் இஞ்ச், இஞ்சுக்குப் பதினாறு மரை. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிகூடக் கிடையாது, கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். ஹோண்டாவுக்கு 20. புது ஃபில்டரைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆடாமல் ஏறுவதையே எடுத்துக்கொண்டேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்த்தேன். அது தெரியாமல் மேலேயே இன்னொரு வளையத்தை வைத்து இறுக்கினால் மொத்த எண்ணெயும் ரோட்டுக்கு வந்துவிடும். இந்த ரெண்டு கண்டத்தையும் தாண்டியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. மீதிக் கதைக்கு அதுதான் காரணம்.

ஹோஸை வெட்டினேன். ஆக்ஸா பிளேடால், அப்படியே. ஸ்டீல் பின்னல் பிரிந்து துடைப்பம் மாதிரி விரிந்தது. ஒவ்வொரு கம்பியும் கருவேல முள். நாலு விரலில் ரத்தத்தோடு அந்தத் துடைப்பத்தை எப்படியோ ஃபிட்டிங்கின் வெளிக்கூடான சாக்கெட்டுக்குள் திணித்தேன். ஃபிட்டிங்கை முறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சொட்டு இல்லை. குளித்துவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டேன்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் எண்ணெய் சூடே ஆகவில்லை. சாண்ட்விச் பிளேட்டில் தெர்மோஸ்டாட் இருக்கிறது, 80 டிகிரி வாக்கில்தான் கூலருக்கு முழுசாக வழி விடும். அதற்கு முன்னால் எண்ணெய் கெட்டித் தயிர். சூடானால் நீர்மோர். கெட்டித் தயிரை ஊற்றிப் பார்த்துவிட்டுச் சட்டியில் ஓட்டை இல்லை என்று நான் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் ஆபீஸ் போய் வந்து நிறுத்தினால் சொட்டு. இஞ்சினின் பின்பக்கம், சாண்ட்விச் பிளேட்டுக்கு நேர் கீழே. இந்த இஞ்சினில் ஃபில்டர், இஞ்சினுக்கும் நம் கால்மாட்டுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகரத்தின் பக்கம், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும். கை போனால் ஸ்பேனர் போகாது. ரெண்டும் போனால் கண் போகாது. தடவித் தடவிக் கால் சுற்று இறுக்கினேன். மறுநாளும் சொட்டு. இன்னும் கால் சுற்று.

மூன்றாம் நாள் ஓனர் ஐயா வந்தார். மில்லில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். லுங்கி மடிப்பிலிருந்து ஒரு டெஃப்லான் டேப் சுருளை எடுத்து நீட்டினார். "மரையில நாலு சுத்து சுத்துங்க தம்பி. நம்ம மோட்டார் லைனே இதுலதான் நிக்குது."

சுற்றினேன். முன்னைவிட நன்றாக ஒழுகியது.

வாரக் கடைசியில்தான் ஒரு நல்ல யோசனை வந்தது. பிரேக் கிளீனர் அடித்து எல்லா இணைப்பையும் துடைத்துக் காயவைத்து, மேலே டால்கம் பவுடரைத் தூவிவிட்டு இஞ்சினைச் சூடு பண்ணினால், எண்ணெய் முதலில் எங்கே தலை காட்டுகிறதோ அங்கே பவுடர் ஈரமாகிக் கறுக்கும். முதலில் கோலமாவைத்தான் எடுத்தேன். அது கல்லு மாவு, இஞ்சினுக்குள் போனால் பேரிங்கைத் தின்றுவிடும் என்று நல்லவேளை கடைசி நொடியில் உறைத்தது. பாப்பாவின் பவுடர் டப்பாவோடு பானட்டுக்குள் தலையை விட்டிருந்தபோது வீட்டுக்காரி வந்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு ஒரு நாளாச்சும் இப்படிப் பூசி விட்டிருக்கீங்களா?"

பதில் சொல்லவில்லை. ஏனென்றால் எண்ணெய் தலை காட்டிவிட்டது. பின்பக்கம் இல்லை. முன்னால், கூலர் முனையில். அங்கே கசிந்த எண்ணெய் ஹோஸின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே பின்னால் வரை ஊர்ந்து, பள்ளமான இடத்தில் சொட்டியிருக்கிறது. ஒரு வாரமாக நான் இறுக்கியது, டேப் சுற்றியது எல்லாம் ஒரு பாவமும் அறியாத ஃபிட்டிங்கை. அலுமினியம் வேறு. நான் போட்ட போடில் அதுவும் இப்போது ஒழுக ஆரம்பித்திருந்தது.

நம்ம மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டுக் கை விரித்தார். "இது கார் வேலை இல்லீங்ணா. ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கிற கடைக்குப் போங்க."

சிங்காநல்லூர் தாண்டி ஒரு கடை. வாசலில் ஒரு டிராக்டர், ஒரு ஜேசிபி, என் சிட்டி. உள்ளே அறுபது வயசுப் பெரியவர். என் சிவப்பு, நீல ஃபிட்டிங்கைக் கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பினார்.

"இம்போர்ட்டடுங்க. ஏஎன் பத்து" என்றேன்.

"ஜேஐசி பத்து" என்றார். "ஜேசிபியில போடறோம்ல, அதே கோணம். முப்பத்தேழு டிகிரி."

ஏஎன் என்றால் ஆர்மி, நேவி. அமெரிக்காவில் விமானங்களுக்கென்று வகுத்த அளவு. ஜேஐசி அதன் தொழிற்சாலைப் பங்காளி. பத்து என்றால் இஞ்சில் பதினாறில் பத்து பங்கு, அதாவது எட்டில் ஐந்து பங்கு என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் "அஞ்சு நூலு" என்றார். மில்காரர்களும் லேத்காரர்களும் இஞ்சை எட்டாகப் பிரித்து எண்ணும் கணக்கு. இந்த பாஷையில் எண்ணாமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டது என் தப்பு.

ஃபிட்டிங்கின் நுனியில் கூம்பாக இருக்கும் கோனை வெளிச்சத்தில் காட்டி, "நகத்தை வெச்சு இழுங்க" என்றார். இழுத்தேன். வழவழவென்று போன நகம் ஒரு இடத்தில் டக்கென்று தட்டியது. தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு.

"எண்ணெய நிறுத்தறது இந்தக் கோன்தானுங்க. மரை சும்மா புடிச்சு வெக்கறதுக்கு. நீங்க மரையில சுத்துன டேப்பு..." குச்சியால் உள்ளேயிருந்து ஒரு வெள்ளை நூலை இழுத்தார். "இது கோனுக்கு நடுவுல மாட்டிருக்கு. இன்னொரு துண்டு எண்ணெயோட போயி ஏதாச்சும் ஓட்டைய அடைச்சிருந்தா இஞ்சின் சோலி முடிஞ்சிருக்கும்."

ஏசி மெக்கானிக்குகளிடம் இருக்கும் வாய் விரித்த பித்தளை இணைப்பு, ஃபிளேர் என்பார்கள், அது 45 டிகிரி, அதைக் கொண்டுவந்து இதோடு சேர்த்தால் உள்ளே ஒரு கோட்டில் மட்டும்தான் ஒட்டும், அந்த வேலையும் பார்த்து வைக்காதீர்கள் என்றார். என் முகத்தைப் பார்த்தாலே அடுத்தது அதுதான் என்று தெரிந்திருக்கும்.

பிறகு ஹோஸ். என் துடைப்பத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய மனசு. நல்ல இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, டேப்புக்கு நடுவிலேயே கட்டிங் வீலில் வெட்டினார். பின்னல் ஒரு இழை பிரியவில்லை. "டேப்பு சுத்தற எடம் இது." காற்றடித்து உள்ளே இருந்த ரப்பர்த் தூளை ஊதினார். சாக்கெட்டில் ஹோஸை ஏற்றி, சாக்கெட் வாயை ஒட்டி ஹோஸ் மேல் ஒரு கோடு போட்டார். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஹோஸுக்குள் போகும் உள்துண்டான நிப்பிளை முறுக்கினார். முறுக்கும்போது ஹோஸ் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தால் அந்தக் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். என் பழைய முனையில் ஹோஸ் ஒரு விரல்கடை பின்வாங்கி நின்றிருந்தது. இத்தனை நாள் கழன்று தெறிக்காமல் இருந்ததற்கு மருதமலைக்கு ஒரு நடை போக வேண்டும்.

மாட்டும்போது ரெண்டு ஸ்பேனர். ஒன்று கூலர் பக்கத்தை ஆடாமல் பிடிக்க, இன்னொன்று நட்டுக்கு. கையால் கோன் உட்காரும்வரை, அதற்குமேல் நட்டின் ஆறு பட்டையில் ஒரு பட்டை அளவுக்குத்தான் திருப்பினார். நான் பழக்க தோஷத்தில் "இன்னும் கொஞ்சம்..." என்றேன். மார்க்கரால் நட்டுக்கும் உடம்புக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு, "இந்தக் கோடு விலகாம இருக்கற வரைக்கும் நீங்க இதத் தொடக்கூடாது" என்றார். டாக்டர்கூட இவ்வளவு கறாராகச் சொன்னதில்லை.

ஹோஸ் ஏசி பைப்பில் உரசிக்கொண்டிருந்தது. ஸ்டீல் பின்னல் ஒரு அரம், இஞ்சின் ஆடும்போதெல்லாம் ராவிக்கொண்டே இருக்கும். ரப்பர் வைத்த கிளாம்ப் ரெண்டு போட்டு விலக்கி, இஞ்சின் குலுங்குவதற்குக் கொஞ்சம் தொங்கலும் விட்டார். பிறகு முக்கால் மணி நேரம் ரிங் ரோட்டில் ஓட்டி, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு பார்த்தோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து ஓனர் ஐயாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். மரை வேறு, கோன் வேறு, டேப் எவ்வளவு ஆபத்து. அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்த டேப் சுருளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், போன ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோ குழாயை அவரே புதுசாக மாற்றினார். நான் போனபோது லுங்கி தொப்பலாக நனைந்து, ரெண்டு கையாலும் குழாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அன்றைய கோலம் கேட் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"டேப்பே சுத்தலீங்க தம்பி, நீங்க சொன்னாப்புலயே" என்றார்.

தண்ணிக் குழாயில் கோன் கிடையாது, அங்கே மரைதான் அடைக்க வேண்டும், அதனால் அங்கே டேப் கட்டாயம் என்பதை எந்த வாயால் சொல்வது? அந்தம்மா உள்ளேயிருந்து பரண் ஏணியோடு வந்துகொண்டிருந்தார். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

"ஒழுகுதுங்களாய்யா?"