கிழக்கு வேலியில் ஒரு கத்தாழை

பிப்ரவரி 11, 2024 – கொழிஞ்சாம்பாறை

கிழக்கு வேலிக் கத்தாழையின் நடுக்குருத்து இன்று வேறு மாதிரி இருந்தது. எப்போதும் ஈட்டியாகச் சுருண்டு நிற்கும் குருத்து அடியில் தடித்திருக்கிறது. அதைச் சுற்றிப் புதிதாக விரிந்த மடல்கள் ஒரு சாண்கூட இல்லை. கீழே இருப்பவையெல்லாம் என் இடுப்பு உயரம். மடல் சிறுத்தால் பூந்தண்டு வரப்போகிறது என்று பொருள்.

2010-இல் கஞ்சிக்கோட்டுக்குப் போன அய்யன், தண்டவாளத்தோரம் உதிர்ந்து கிடந்த விரல் நீளக் கன்று ஒன்றைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து நட்டார். கிளுவை பட்டுப்போய் வேலியில் விழுந்த சந்து அடைக்கத்தான். ‘ஆனைக்கத்தாழை’ என்பார். அவர் போய் ஐந்து வருஷம். செடிக்குப் பதினாலு வயசு.

பிப்ரவரி 20

முளை வெளியே தெரிகிறது. தண்ணீர்விட்டான் கொடியின் இளமுளையை ஆள் தொடை அளவுக்குப் பெருக்கினால் எப்படியோ அப்படி. தற்செயலான ஒற்றுமை இல்லை இது. தாவரவியலில் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். சோற்றுக்கற்றாழைதான் வேறு குடும்பம். பேரில் மட்டும் சொந்தம்.

சித்தப்பா வந்து பார்த்தார். மூங்கில் பூத்தால் பஞ்சம் என்பதுபோல இதற்கும் ஏதோ சகுனம் சொன்னார். பிறகு, “தண்ட வெட்டி உட்று கண்ணு, செடியாச்சும் பொழைக்கும்” என்றார்.

பொழைக்காதுங்க சித்தப்பா. குருத்தேதான் தண்டாக மாறிவிட்டது. இனி மடல் விட அதற்கு வேறு நுனி இல்லை. தண்டை வெட்டினால் சாவு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை பூத்து முடியும் செடி இது. வெள்ளைக்காரர்கள் நூறாண்டுச் செடி என்று பேர் வைத்தது பெரிய மிகை. ஆனைக்கத்தாழையே பத்திலிருந்து முப்பது வருஷத்துக்குள் பூத்துவிடும். அய்யன் வைத்த செடி பூக்காமலேயே சாவதை நான் விரும்பவில்லை.

மார்ச் 3

பக்கத்து வீட்டுச் சேச்சியின் மருமகள் முகமெல்லாம் சிவந்து தடித்து அழுதுகொண்டு வந்தாள். சோற்றுக்கற்றாழை என்று நினைத்து எங்கள் வேலி மடலை அறுத்துச் சாற்றைத் தடவியிருக்கிறாள். “கற்றார்வாழன்னு கருதியா எடுத்தே?” என்று சேச்சி தலையில் அடித்துக்கொண்டார். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவிட்டு உடனே டாக்டரிடம் அனுப்பினேன். கத்தாழைச் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் உண்டு. தோலில் ஏறிக் குத்தும். எரிச்சல் தரும் வேறு சரக்கும் கலந்திருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் சட்டென்று ஒடியும், உள்ளே கண்ணாடி போலச் சோறு வழுக்கும். கத்தாழை ஒடியாது. முறுக்கினால் நார் நாராக இழுபடும். சோற்றுக்கற்றாழையின் நுனி விரலுக்கு வளைந்து கொடுக்கும். கத்தாழை நுனியில் கருத்த ஊசி நிற்கும். சோற்றுக்கற்றாழை முழுசாக வளர்ந்தபின் வருஷா வருஷம் பூக்கும், கத்தாழை ஆயுளுக்கு ஒரு தடவை. வந்த திசையும் வேறு. கத்தாழையின் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும். கொலம்பஸ் போய்வந்த பிறகுதான் அது கடல் தாண்டியது. நம் பழைய நூல்களில் வரும் கற்றாழை இதுவாக இருக்க வழியில்லை.

மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே மடல் ஓரத்தை விரலால் தடவினேன். வழவழவென்று இருக்கிறது, பல் இல்லை. அய்யன் சொன்ன பேர் பொருந்தவில்லையே! ஆனைக்கத்தாழை சாம்பல் பூத்த நீலமாக இருக்கும். ஓரத்தில் ரம்பம்போல முள் இருக்கும். குருத்தில் ஒட்டிக் கிடந்தபோது பதிந்த பல் தடம் ஒவ்வொரு மடல் முதுகிலும் கோலம்போலத் தெரியும். எங்களுடையதில் அது எதுவும் இல்லை. பச்சை, வாள் மாதிரி நேர் மடல், நுனியில் மட்டும் ஊசி. இது ரயில் கத்தாழை. சிசல் கயிறு திரிக்கிறார்களே, அந்த ஜாதி. யுகாட்டான் கரையிலுள்ள சிசல் துறைமுகத்தின் பேர்தான் அதற்கு வந்தது.

ஆனாலும் பூத்து முடிந்தபின் தண்டில் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் உறுதி செய்யவேண்டும்.

ஏப்ரல் 26

வோட்டுப் போட்டுவிட்டு வரும்போது தார் ரோட்டில் கானல் அலையடித்தது. இந்த வாரம் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டிவிட்டது. தென்னையே வாடி நிற்கும் வெயிலில் தண்டு பதினெட்டு அடிக்குப் போயிருக்கிறது. மூங்கில் கழி சாத்தித்தான் அளந்தேன். பக்கவாட்டில் கிளைகள் ஏந்திய கை மாதிரி விரிகின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் நான் ஊற்றவில்லை. பதினாலு வருஷம் மடலில் சேர்த்த சர்க்கரையும் நீரும் மேலே ஏறுகின்றன. கீழ் மடல்கள் சுருங்கி மடிந்துவிட்டன. பகலெல்லாம் இலைத்துளையை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்தபின் திறந்து மூச்சு வாங்கும் செடி. அதனால்தான் இந்த வெயிலைத் தாங்குகிறது.

கள்ளு எறக்கும் அண்ணன் எங்கள் பனையிலிருந்து இறங்கி, “மேலிருந்து பாத்தனுங்க, கொத்துக் கொத்தா மொக்கு வெச்சிருக்குது” என்றார். அவரிடம் ஒன்று சொல்லவேண்டுமென்று ரொம்ப நாளாக இருந்தேன். மெக்சிகோவில் ஆனைக்கத்தாழையிலும் அதன் பெரிய வகைகளிலும் கள் எடுக்கிறார்கள். தண்டு கிளம்பும் சமயம் பார்த்துக் குருத்தை அறுத்து, நடுவில் கிண்ணம்போலக் குடைந்துவிடுவார்கள். அதில் ஊறும் பதநீரைக் காலையும் மாலையும் எடுத்து, ஒவ்வொரு தடவையும் உள்சுவரைச் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாவிட்டால் ஊற்று அடைத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் ஊறும். புளிக்கவைத்தால் புல்கே.

அண்ணன் அரிவாளை இடுப்புப் பெட்டியில் செருகியபடி வெகுநேரம் யோசித்தார். “பாளை சீவறாப்பலதானுங்க. நாள் தவறுனா அடைச்சுக்கும்ங்கறானே, அவன் தொழில் தெரிஞ்சவன்.”

மே 19

பூத்துவிட்டது! பச்சை கலந்த மஞ்சள். மகரந்தத் தாள்கள் பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு மேல்நோக்கி நிற்கின்றன. தொங்கும் மணி மாதிரிப் பூத்திருந்தால் இது கத்தாழையே அல்ல, சீமைக் கத்தாழை என்கிற ஃபர்க்ரேயா. வாசம் நன்றாக இல்லை, ஊசிப்போன பழம் மாதிரி. ஆனால் விடியும் முன்னே தேனீ இரைச்சல். தேன்சிட்டு ஒன்று கிளை கிளையாகத் தாவிக்கொண்டிருந்தது. காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 30

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. தண்டு மின்கம்பிப் பக்கம் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு கட்டியாயிற்று. கனமான கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். குனியும்போது கண் உயரத்தில்தான் ஊசி நிற்கும். பிள்ளைகள் ஓடும் பக்கத்து மடல்களில் ஊசி நுனியை மட்டும் கத்தரித்துவிட்டேன். மடலை வெட்டக்கூடாது.

இன்று மனசு கஷ்டமான சங்கதி தொட்டியில். கோயம்புத்தூர் நர்சரியில் வாங்கிய மஞ்சள் கரை ஆனைக்கத்தாழை அடியில் கொழகொழத்துவிட்டது. தப்பு என்னுடையது. வயல் கரிசலை அப்படியே தொட்டியில் நிரப்பியிருந்தேன். கரிசல் வெயிலில் வெடிக்கும், மழையில் தண்ணீரை விடாது. கத்தாழை வேருக்கு அது எமன். பிடுங்கி, அழுகலை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, நிழலில் ஒரு வாரம் காயப் போட்டிருக்கிறேன். இனி பாதி ஆற்று மணலும் செங்கல் தூளும், மீதிதான் செம்மண். நடும்போது குருத்தடியை மண் மூடக்கூடாது. வேர் பிடிக்கும்வரை தண்ணீர் காட்டக்கூடாது. அப்புறமும் மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான். நிலத்தில் வைப்பவர்கள் ஒரு சாண் மேடு கட்டி வையுங்கள். அய்யன் அப்படித்தான் வைத்திருந்தார். வேலி வரப்பு மேட்டில்.

செப்டம்பர் 8

பூ உதிர்ந்த காம்புகளில் காய் இல்லை. காம்புக்குக் காம்பு, இலையோடு குட்டிக் கன்றுகள்! ரயில் கத்தாழை விதை கட்டுவது மிக அரிது. ஐந்து மடங்கு குரோமோசோம் சுமக்கும் கலப்பினம் அது, எண்ணிக்கை சரியாகப் பிரியாது. ஆகையால் பூந்தண்டிலேயே பிள்ளை பெற்றுவிடுகிறது. ஒரு தண்டில் ஆயிரத்துக்கு மேலும் வரும். மார்ச்சில் தொடங்கிய சந்தேகம் தீர்ந்தது. தாய்க்கும் இந்தக் கன்றுகளுக்கும் வித்தியாசமே கிடையாது. அய்யன் துண்டில் முடிந்து வந்ததும் இப்படி உதிர்ந்த ஒன்றுதான்.

அக்டோபர் 6

தாய்ச்செடி காய்ந்து பழுப்பாகிவிட்டது. தண்டு உள்ளே நெட்டிபோல இலேசு. வெட்டிப் பந்தல் காலுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கள்ளு எறக்கும் அண்ணன் கேட்டிருக்கிறார்.

கூடையில் எண்ணியவரை 340 கன்று. விரல் நீளத்துக்குக் குறைந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். மிச்சத்தில் நாற்பதைப் பாத்தியில் அரை அடி இடைவெளியில் வைத்தேன். சேச்சியின் மருமகள் வந்து தானே கேட்டு மூன்று வாங்கிக்கொண்டாள். முகம் பழையபடி ஆகிவிட்டது. “வேலிக்கு மட்டும், மொகத்துக்கில்லே” என்று அவளே சொன்னாள். சித்தப்பாவும் ஒரு பை நிறைய எடுத்துப்போனார்.

சந்து இருந்த இடத்தில், அதே மேட்டில், இருப்பதில் தடித்த கன்று ஒன்றை வைத்திருக்கிறேன். மீதிப் பாத்திக்கு மணல் போதவில்லை. நாளைக்குச் சலிக்க வேண்டும்.