ரிமோட் படகுக்கு லிப்போ: முதலில் சார்ஜரைத்தான் வாங்கியிருக்க வேண்டும்

என் படகு ஓடுவது மாமாவின் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில். உடுமலைப் பக்கம், தென்னைகளுக்கு நடுவே, அடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்த குட்டை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது சுற்றில் படகு நட்டநடுவே நின்றுவிட்டது. ரிமோட்டில் விசையை அழுத்தினால் ஒரு முனகல், அவ்வளவுதான். முனகுகிறதே, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிளம்பிவிடும் என்று அழுத்தினேன். அதுதான் தப்பு.

டிராக்டர் டியூபைப் போட்டு நீந்திப் போய் இழுத்து வந்தேன். புரொப்பெல்லரில் பாசி நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. மூடியின் டேப்பைப் பிரித்தால் உள்ளே லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தலையணைபோல உப்பிக் கிடந்தது, லேசாக ஒரு இனிப்பு வாடை வேறு. அதை மணலில் வைத்துவிட்டு இருபதடி தள்ளிப் போய் உட்கார்ந்தோம்.

"ஏண்டா மாப்ளே, இது வெடிக்குமா வெடிக்காதா? சொல்லிப்போடு, நான் மாட்டைப் பிடிச்சுக் கட்டோணும்" என்றார் மாமா.

வெடிக்கவில்லை. ஒரு மணி நேரம் காவல் இருந்ததுதான் மிச்சம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யோசித்தபோது, பேட்டரியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. கடைக்காரர் கொடுத்ததை வாங்கினேன், பச்சை விளக்கு எரிந்ததும் கழற்றினேன். இந்த இரண்டு மாதமாகச் செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

படகு 65 சென்டிமீட்டர் நீளம், அடிப்பாகம் ஆழமான வி வடிவம். பிரஷ்லெஸ் மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் 60 ஆம்பியர் இஎஸ்சி. இரண்டுக்கும் குட்டைத் தண்ணீரே குழாய் வழியாகப் போய்க் குளிர்விக்கிறது. பேட்டரி 3 செல், அதாவது 3எஸ், கொள்ளளவு 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர், 'அவர்' என்றால் மணி), 25சி. இந்தப் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர்தான் 1சி, அதைப்போல 25 மடங்கு தாங்கும் என்பது லேபிளின் பேச்சு. ஜோடியாக வாங்கியிருந்தேன், உப்பியது போக ஒன்று மிச்சம். கூடவே வந்த சார்ஜர் கையடக்கமான ஒரு டப்பா. ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாகப் போகும் பேலன்ஸ் வயரை மட்டும் செருக வேண்டும், மூன்று விளக்கு எரியும், மூன்றும் பச்சையானால் முடிந்தது. 2200க்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் எடுக்கும். எவ்வளவு ஏறியது, எந்த செல் எப்படி இருக்கிறது என்று எதையும் சொல்லாது.

எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: பெரிய பேட்டரி வாங்கு, சி அதிகமாகப் பார்த்து வாங்கு. இன்னொருவர், "4 செல் போடுங்க தம்பி, பறக்கும்" என்றார். வாங்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மோட்டார் 2000 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று. 3 செல்லின் 11.1 வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 22,200 சுற்று, 4 செல்லின் 14.8 வோல்ட்டுக்கு 29,600. மூன்றில் ஒரு பங்குதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் தண்ணீரில் புரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுற்று வேகத்தின் மூன்றாம் மடியாக ஏறுகிறது. நான்கை மூன்றால் வகுத்து மும்முறை பெருக்கினால் 2.37. அதே புரொப்பெல்லருக்கு இரண்டேகால் மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். என் இஎஸ்சி பறந்திருக்கும், படகு பறந்திருக்காது.

அதனால் பேட்டரியை ஒத்திப்போட்டு முதலில் சார்ஜர் வாங்கினேன். இந்த இரண்டு மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

சார்ஜரில் ஆம்பியரைப் பார்த்து ஏமாறக்கூடாது, வாட்டைப் பார்க்க வேண்டும். 5000 எம்ஏஎச் பேட்டரியை 1சி வேகத்தில், அதாவது 5 ஆம்பியரில், ஏற்ற நினைத்தால் 3 செல்லுக்கு முடிவில் 12.6 வோல்ட். பெருக்கினால் 63 வாட். டப்பா மேல் 6 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டு, உள்ளே 50 வாட்தான் என்றால் கடைசிக் கட்டத்தில் 4 ஆம்பியர்தான் வரும். கெட்டுப்போகாது, நேரம்தான் கூடும். நான் 80 வாட் எடுத்தேன். வீட்டு பிளக்கிலும் ஓடும், 12 வோல்ட் பேட்டரியிலிருந்தும் ஓடும். குட்டைக்கரையில் பிளக் ஏது?

ஒரு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டேன். லிப்போவை முழுச் சார்ஜில் வைக்கக்கூடாது. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், அதற்கு சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு முறை உண்டு. முழுதாக ஏற்றிவிட்டு மழை வந்து ஓட்டாமல் போனால் இந்த முறையில் இறக்க வேண்டும். ஆனால் என் சார்ஜரின் இறக்கும் திறன் வெறும் 5 வாட். 12 வோல்ட்டுக்கு 0.4 ஆம்பியர் சொச்சம். 5000 பேட்டரியில் பாதி இறங்க ஐந்தாறு மணி நேரம். இப்போது ஒரு கார் இண்டிகேட்டர் பல்பை, 12 வோல்ட் 21 வாட், வயரோடு தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். மல்டிமீட்டரோடு பக்கத்திலேயே உட்கார்ந்து இறக்குகிறேன். பல்பை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் பேட்டரி செத்துவிடும், அதற்கு எங்கே நிறுத்துவதென்று தெரியாது.

உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடவில்லை, செல்களின் உள்மின்தடையை மட்டும் சார்ஜரில் அளந்தேன். 8, 9, 31 மில்லி ஓம். மூன்றாவது செல்தான் அடி வாங்கியிருக்கிறது. அதே வேகத்தில் மிச்சமிருந்த பேட்டரியையும் அளந்தேன்: 8, 8, 10. பரவாயில்லை. உப்பியதைத் தோட்டத்தில் வெட்டவெளியில் அதே பல்பை மாட்டிச் சுத்தமாக இறக்கி, முனையை டேப்பால் மூடி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. படகு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். பேட்டரியை முழுதாக ஏற்றி, சரியாக 3 நிமிடம் வழக்கம்போல ஓட்டினேன். பேட்டரி ஆறியதும் திரும்ப முழுதாக ஏற்றினேன். சார்ஜர் 1600 எம்ஏஎச் உள்ளே போனதாகக் காட்டியது. 1.6 ஆம்பியர் அவரை 3 நிமிடத்தில், அதாவது 0.05 மணியில், செலவழித்திருக்கிறது. சராசரி 32 ஆம்பியர். 2200 பேட்டரிக்கு இது பதினான்கரை சி. சராசரியே இவ்வளவு என்றால் கிளம்பும்போதும் திரும்பும்போதும் எவ்வளவு போயிருக்கும்! 25சி என்று எழுதியிருந்ததைப் பெருக்கினால் 55 ஆம்பியர் தாங்க வேண்டும். அந்த எண்ணை நான் இப்போது துணிக்கடைத் தள்ளுபடி போர்டு மாதிரிதான் படிக்கிறேன். பாசி சுற்றி மோட்டார் நின்றபோது போன மின்சாரத்துக்குக் கணக்கே கிடையாது.

அப்புறம் தலைகீழாகப் போட்டேன். எனக்கு 7 நிமிடம் ஓட வேண்டும். 32 ஆம்பியரில் 7 நிமிடத்துக்கு 3.7 ஆம்பியர் அவர். பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் 0.8 ஆல் வகுத்தால் 4.7 சொச்சம். ஆக 3 செல், 5000 எம்ஏஎச். 5000 பேட்டரிக்கு 32 ஆம்பியர் என்பது ஆறரை சி கூட இல்லை. வெறும் 30சி லேபிளே தாராளம். 100சி என்று ஒட்டிய பேட்டரிக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை.

பேட்டரி வந்ததும் முதல் வேலையாக அளந்தேன்: 3.84, 3.84, 3.85. ஒரே சீராக இருக்கிறது. அதன் முனை வேறு மாதிரி இருந்ததால் எக்ஸ்டி60 கனெக்டர் மாற்ற வேண்டியிருந்தது. இங்கே ஒரு கூத்து. சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து ஒரே கட்டரில் வெட்டினேன். பளீரென்று ஒரு நீலப்பொறி, கட்டரின் வாயில் அரிசி அளவுக்கு ஒரு ஓட்டை. ஒரு வயரை வெட்டி, பற்றவைத்து, மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சார்ஜர் வயரிலும் இதே கதைதான்: வாழைப்பழ முனையை முதலில் சார்ஜரில் செருகு, பிறகு பேட்டரியை மாட்டு. மாற்றிச் செய்தால் அந்த இரண்டு வெற்று முனைகளும் மேசைமேல் முத்தமிட்டுக்கொள்ளும்.

குட்டையில் இறக்கினால் புதுச் சிக்கல். 2200 பேட்டரி 180 கிராம், இது 390. முன்னால் தள்ளி வைத்தால் படகு மூக்கால் தண்ணீரை உழுதது. பின்னால் இழுத்தால் தவளை மாதிரி தத்தித் தத்திப் போனது. பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதத் தூரத்தில் எடை மையம் இருந்தால் நல்லது என்பார்கள். எனக்கு அது 20 சென்டிமீட்டர் வரும். படகின் அடியில் இரண்டு பக்கமும் ஒரு விரலை அங்கே வைத்துத் தூக்கி, சமமாக நிற்கும்வரை பேட்டரியை நகர்த்தி, வெல்க்ரோவால் கட்டினேன். காரோ விமானமோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு எந்த அளவுக்கு உண்டோ, படகில் ஒரு விரற்கடை மாறினாலே கண்ணுக்குத் தெரிகிறது.

6 நிமிடம் ஓட்டித் திரும்ப ஏற்றினால் 3600 எம்ஏஎச். சராசரி 36 ஆம்பியர். கூடிய 210 கிராமைச் சுமக்க 4 ஆம்பியர் கூடுதலாகத் தின்கிறது. இன்னும் பெரிய பேட்டரி போட்டால் நேரம் அதே விகிதத்தில் கூடாது என்பது இங்கேதான் பிடிபட்டது. ஏழு நிமிட ஆசையை விட்டுவிட்டு ரிமோட்டில் டைமரை ஆறுக்கு வைத்தேன். வோல்ட் குறைந்தால் கத்தும் பஸ்ஸர் ஒன்றும் வாங்கினேன். மூடியை டேப் ஒட்டி மூடிய பிறகு, மோட்டார் இரைச்சலில், ஐம்பதடிக்கு அப்பால் அது கத்துவது மீனுக்குத்தான் கேட்கும். படகுக்கு டைமர்தான்.

அந்த டேப்பால் இன்னொரு தொல்லை. மோட்டாருக்கும் இஎஸ்சிக்கும் தண்ணீர்க் குளிர்ச்சி உண்டு, பேட்டரிக்கு ஒன்றுமில்லை, காற்றுகூடப் போகாது. சித்திரை வெயிலில் மதியம் ஓட்டிவிட்டுத் திறந்து அளந்தால் பேட்டரி 53 டிகிரி. 60ஐத் தொட்டால் ஆபத்து. இப்போது காலை எட்டரைக்குள் முடித்துவிடுகிறேன். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடுவதில்லை, நிழலில் வைத்துத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லாமல் ஆறிய பிறகுதான். சார்ஜ் போடும் இடம் திண்ணையின் சிமென்ட் தரை, மணல் பரப்பிய பழைய பூந்தொட்டிக்குள். மூடி எதுவும் கிடையாது.

கரண்ட் வேண்டுமே, அதற்கு மாமாவின் டிராக்டர் பேட்டரி. என் 3 செல்லில் மொத்தமே 55 வாட் அவர்தான், முழுசாக ஏற்றினாலும் 12 வோல்ட் பக்கத்தில் 5, 6 ஆம்பியர் அவருக்குமேல் போகாது. டிராக்டர் பேட்டரிக்கு அது தூசு என்று கணக்கைக் காட்டி மாமாவைச் சம்மதிக்க வைத்தேன். ஒரு நாள் ஆசை மிஞ்சி நாலு தடவை ஏற்றிவிட்டேன். ஏற்கெனவே வயதான பேட்டரி. மறுநாள் காலை போன் வந்தது.

"மாப்ளே, உன்ற கப்பல் ஓடுச்சு செரி, என்ற டிராக்டர் ஓட மாட்டேங்குதே!"

இப்போது ஒரு ஞாயிற்றுக்கு ஒரு தடவைதான். வீட்டிலிருந்து வரும்போதே ஒன்று ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இதற்கிடையில் இரண்டாவது படகு. துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுக்கும் டக் படகின் மாதிரி, 70 சென்டிமீட்டர், மெதுவாகப் போகும், 2 ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு லிப்போ எதற்கு? உள்ளே இருந்தது 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் ஈய அமில பேட்டரி. அதை எடுத்துவிட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட், 4 செல், 6 ஆம்பியர் அவர் போட்டேன். செல்லுக்கு 3.2 வோல்ட், நாலுக்கு 12.8, பழைய மோட்டாருக்கு அப்படியே பொருந்துகிறது. சூட்டையும் அடியையும் லிப்போவைவிட நன்றாகத் தாங்கும். இந்த வகையை 1997இல் வெளியே கொண்டுவந்தது ஜான் குட்எனஃப் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்குழு. அவருக்கு 2019இல் நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். இரும்பை வைத்து மலிவாகச் செய்யும் இந்தப் பாதைக்கு 80களிலேயே குட்எனஃபோடு சேர்ந்து அடி போட்டவரும் அவர்தான். இதை மாமாவிடம் சொன்னதிலிருந்து டக் பேட்டரிக்கு வீட்டில் தனி மரியாதை.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதற்கு முழுச் சார்ஜ் செல்லுக்கு 3.6 வோல்ட், லிப்போவுக்கு 4.2. சார்ஜரில் லிப்போ முறையிலேயே விட்டுவிட்டு இதை மாட்டினால் தலைக்கு மேல் ஏற்றிவிடும். பேட்டரி மேல் சிவப்பு டேப் ஒட்டி, சார்ஜரில் இந்த வகைக்கு உள்ள பெயரான 'லைஃப்' என்று எழுதி வைத்திருக்கிறேன். திரையில் அதே சொல் தெரிந்தால்தான் ஸ்டார்ட்டை அழுத்துவது.

ஆனால் பழைய ஈய பேட்டரி 2.2 கிலோ, இது 800 கிராம். தண்ணீரில் விட்டதும் டக் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி, அடியின் சிவப்புப் பெயின்ட் தெரிய, காற்றடித்தால் ஆடியது. மீன்பிடிக் கடையில் ஈயக் குண்டு 1.4 கிலோ எடை போட்டு வாங்கி வந்து தரைப்பலகையில் சிலிக்கோனால் ஒட்டினேன். எடை சரியாக வந்துவிட்டது, ஆனால் இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிவிட்டேன் போல. ஒரு காலை ஊன்றி நிற்பவர் மாதிரி சாய்ந்துகொண்டே போகிறது. சிலிக்கோன் நன்றாகப் பிடித்துவிட்டது, வரும் ஞாயிறு உளி எடுத்துப் போக வேண்டும்.